யானையை அறுக்காமலே எரித்துவிட்டார்கள், உண்மையில் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோய்தானா?

மலையடிவாரத்தான்:
கோவை மாவட்டத்தில் காட்டை ஒட்டிய ஊர் எங்களுடையது. போன வாரம் ஓடைப் பக்கம் ஒரு பெண் யானை செத்துக் கிடந்தது. துதிக்கை நுனியிலும் ஆசனவாயிலும் தார் மாதிரி ரத்தம். மருத்துவர் வந்தார், காதில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் தேய்த்தார், அவ்வளவுதான். மறுநாள் அடைப்பான் என்று சொல்லி, விறகு அடுக்கி எரித்துவிட்டார்கள். பிரேதப் பரிசோதனை இல்லை. தீனிக்குள் வெடியை மறைத்து வைக்கும் அவுட்டுக்காயில் செத்ததை மறைக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. என்னிடம் 18 ஆடுகள் இருக்கின்றன. தொண்டை அடைப்பான் ஊசி போட்டாயிற்று, அது போதுமா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
தம்பி, அந்த மருத்துவர் கத்தியை எடுக்காததுதான் சரி. அடைப்பான் கிருமி உடம்புக்குள் இருக்கும்வரை சாதாரணக் கிருமி. மூடிக் கிடக்கும் பிணம் அழுக ஆரம்பித்தால் இரண்டொரு நாளில் அதுவே செத்துப்போகும். அறுத்துக் காற்றுப் பட்டுவிட்டால் விதை மாதிரி கெட்டியான வித்தாக (ஸ்போர்) மாறி மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும். உறையாத கறுப்பு ரத்தத்தைப் பார்த்தால் அறுக்கக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம்.

அந்த ஒரு சொட்டு ரத்தம்தான் பரிசோதனை. அதற்கு ஊற்றும் மெத்திலீன் நீலச் சாயம் காற்றோடு சேர்ந்து பழுக்க மாதக்கணக்கில் ஆகும். எனக்கு வேலை பழக்கிய பெரியவர் பாதி நிரம்பிய பாட்டிலைப் பஞ்சால் அடைத்து அலமாரியில் வைத்திருப்பார். தினமும் காலையில் வந்ததும் குலுக்குவார், வேறு யாரையும் தொட விடமாட்டார். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், முனை வெட்டிய மூங்கில் துண்டுகள் மாதிரி நீலக் குச்சிகள் இரண்டு மூன்றாகக் கோத்து நிற்கும். சுற்றிலும் கந்தலாக ஒரு இளஞ்சிவப்பு உறை. அந்தச் சிவப்பைப் பார்த்தபின் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. நேரம் கடந்த பிணத்தில் மட்டும் வேறு கிருமிகள் பெருகி ஏமாற்றும். அப்போது ரத்தம் சிந்திய மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பி வளர்த்துப் பார்க்க வேண்டும்.

அவுட்டுக்காய் என்றால் தாடையும் நாக்கும் சிதைந்திருக்கும், அறுக்காமலே தெரியும். ஆனைகட்டிப் பக்கம் 2021-லேயே ஒரு யானைக்கு அடைப்பான் உறுதியானது. கேரளத்து அதிரப்பள்ளியில் 2022-ல் அதே நோயில் காட்டுப்பன்றிகள் செத்தன. உங்கள் பக்கத்துக்குப் புதிய நோய் இல்லை.

ஆடு விஷயத்துக்கு வருகிறேன். தொண்டை அடைப்பான் வேறு, அடைப்பான் வேறு. பெயர்தான் ஒன்று போல இருக்கிறது, கிருமி வேறு, ஊசியும் வேறு. இந்தக் குழப்பத்தால் ஊசி போடாமல் விட்டு மாட்டை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அடைப்பான் ஊசி என்று பெயர் சொல்லியே கேளுங்கள், ராணிப்பேட்டையில் தயாராகிறது. அது உயிருள்ள வித்து. போடும் சமயத்தில் பென்சிலின் மாதிரி மருந்து கொடுத்தால் அதையும் கொன்றுவிடும், ஊசி பலிக்காது. அந்த ஓடைப் பக்கம் இப்போதைக்கு மேய்க்க வேண்டாம்.

மாயாறு பறவை நண்பன்:
டாக்டர் சார், பாறு கழுகுகளுக்காகப் பிணத்தைக் காட்டிலேயே விடச் சொல்லி நாங்கள் பல வருடமாகக் கேட்கிறோம். எரித்தால் அவற்றுக்கு இரை போகிறதே?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
மற்ற சாவுகளில் நானும் உங்கள் கட்சிதான். பாறு அடைப்பான் பிணத்தைத் தின்றாலும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனால் அது கிழித்த இடத்தில் சிந்தும் ரத்தம் வித்தாகிவிடும், அடுத்து அங்கே மேய வரும் மானும் காட்டெருமையும் தாங்காது. அடைப்பானுக்கு மட்டும் விட்டுக்கொடுங்கள்.

மலையடிவாரத்தான்:
மிக்க நன்றிங்க ஐயா. நாளைக்கே டிஸ்பென்சரிக்குப் போகிறேன். ஒன்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது. மருத்துவர் வருவதற்கு முன்னால் என் மச்சான் மகன் மோதிரத்துக்கென்று வால் முடி நாலைந்து பிடுங்கி வந்திருக்கிறான். தலையணைக்கடியில் வைத்திருக்கிறான்.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்:
நாளைக்கு இல்லை, இன்றைக்கே. முடியை உதறாமல் அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி வனத்துறையிடம் கொடுங்கள். தலையணையையும் யாரும் தட்டவேண்டாம். பையனின் விரல், முழங்கை எல்லாம் பாருங்கள். வலிக்காத கொப்புளம், நடுவில் கறுத்த பொருக்கு இருக்கிறதா? இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய், செத்த யானையைத் தொட்டான் என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். சீக்கிரம் மருந்து கொடுத்தால் குணமாகும். போய் வந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.