‘அம்மம்மா 80’ குழு: மார்கழியோ ஆடியோ

ரவி மாமா: எல்லாருக்கும் வணக்கம். அம்மாவின்ர 80 ஆவது பிறந்த நாளுக்கு சுவிஸில கிறவுபுண்டன் பக்கம் ஒரு பெரிய மலை வீடு பாத்திருக்கிறன். 22 பேர் படுக்கலாம். டிசம்பர் 26 தொடக்கம் 30. வாசலடியிலயே ஸ்கீ (பனிச்சறுக்கு) லிப்ட். வெள்ளிக்கு முதல் முற்பணம் கட்ட வேணும். ஆர் ஆர் வாறியள்?

செல்வி சித்தி: நாங்கள் 4

துஷி: ஸ்னோபோர்ட்!!! நான் வாறன்

குமார் அண்ணா (ரொறன்ரோ): ரிக்கெட் விலை பாத்தனீங்களோ மாமா

ரவி மாமா: இப்ப போட்டா மலிவு

சுதா பெரியம்மா: அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. ஐஸில வழுக்கினா ஆர் பாக்கிறது?

ரவி மாமா: நான் தூக்கிக்கொண்டு போவன் அக்கா

சுதா பெரியம்மா: அப்பாவின்ர 75க்கும் உப்பிடித்தான் சொன்னனி. கடைசியில தூக்கினது என்ர மனுசன்.

வதனி: மாமா, கோவிக்காதேங்கோ. முற்பணம் கட்ட முதல் நான் எழுதுறதை ஒருக்கா வாசியுங்கோ. கொஞ்சம் நீளும்.

பாலா மச்சான்: துவங்கீட்டா

வதனி: செப்ரெம்பர்ல நான் ட்ரான்ஸ்அல்பைன் ஓட்டம் ஓடினது தெரியுந்தானே. ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்து ஓடுறது. ஒவ்வொரு நாளும் ஒரு ஊரில வெளிக்கிட்டு அடுத்த ஊரில முடிக்க வேணும். ஜேர்மனியில துவங்கி ஒஸ்ரியா, சுவிஸ் தாண்டி இத்தாலி மட்டும் 250 கிலோமீற்றருக்கு மேல வரும். லெக், சென்ற் அன்ரன், சம்நவுன் எல்லாம் அந்த வழியிலதான். அவ்வளவும் பேர் போன ஸ்கீ ஊருகள்.

செல்வி சித்தி: கால் வீக்கம் வத்தினதோ பிள்ளை

வதனி: வத்தீட்டுது சித்தி. காட்டுக்குள்ளால ஏறேக்க மண் மெத்தெண்டு இருக்கும். வேர், பாசி, மாடு மேயிற புல்லு. திடீரெண்டு அது முடிஞ்சு ஸ்கீ ஓடுற பாதை வரும். பெரிய றோட்டை விட அகலமா மலையைப் புல்டோசரால சீவி மட்டப்படுத்தியிருக்கு. சரளைக் கல்லுக்குள்ள அங்க ஒண்டு இஞ்ச ஒண்டா புல்லு. ஓரத்தில நம்பர் போட்ட குழாயள் வரிசைக்கு நிக்குது. செயற்கைப் பனி அடிக்கிற மிசினுக்குத் தண்ணி குடுக்கிற குழாயள். ஒரு நாள் நல்ல மழை. காட்டுக்குள்ள விழுந்த தண்ணியை மண் குடிச்சிட்டுது. ஸ்கீப் பாதையால மட்டும் சேறும் கல்லுமா எங்கட சப்பாத்துக்கு மேலால பாய்ஞ்சு வந்தது. 2,000 மீற்றருக்கு மேல செடி வளருறதே வருசத்தில கொஞ்ச மாசந்தான். அங்க மேல் மண்ணை ஒருக்காச் சீவினா, திரும்பப் பழையபடி புல் பிடிக்கப் பத்துக்கணக்கான வருசம் செல்லும். ஒரு சரிவில மண் வழுக்காமல் இருக்கத் தும்பு வலை விரிச்சு ஆணி அடிச்சிருந்தது.

சுதா பெரியம்மா: தும்போ? எங்கட தும்போ?

வதனி: தென்னந்தும்புதான் பெரியம்மா, தொட்டுப் பாத்தனான். உலகத்துக்குத் தும்பு கூடுதலாப் போறது இந்தியாவிலயும் இலங்கையிலயும் இருந்துதான்.

சுதா பெரியம்மா: அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினன். மட்டை ஊறப் போட்டுத் தும்படிச்ச கதையைத் துவங்கீட்டா. அந்த நாத்தம் இப்பவும் மூக்குக்குள்ள நிக்குதாம்.

பாலா மச்சான்: அந்தத் தென்னங்காணி இப்ப ஆரின்ர பேரில?

செல்வி சித்தி: பாலா, இது அம்மம்மாவின்ர குழு

*இந்தச் செய்தி அழிக்கப்பட்டது*

குமார் அண்ணா: நான் வாசிச்சிட்டன் மச்சான்

ரவி மாமா: வதனி, நீ கண்டதைத்தான் சொல்லுறாய். ஆனா நான் 1986 இல வந்து முதல் முதல் கோப்பை கழுவினது ஒரு ஸ்கீ ஹொட்டல்ல. நத்தார்க் கிழமை எண்டா 14 மணித்தியாலம் நிப்பம். அந்தக் காசிலதான் உன்ர அம்மாவைக் கூப்பிட்டனான். ஸ்கீக்காரர் வராட்டி எங்கட ஆக்களுக்கு அந்த மலையில என்ன வேலை?

வதனி: அது எனக்கு நல்லாத் தெரியும் மாமா. அந்த வேலை இனி நிக்குமோ எண்டதும் என்ர கவலைதான். 2023 இல ஒரு ஆய்வு வந்தது. ஐரோப்பாவில 28 நாட்டில 2,234 ஸ்கீ இடத்தைக் கணக்குப் பாத்தவை. உலகம் 2 பாகை சூடேறினா, செயற்கைப் பனி இல்லாமல் 53 வீதமான இடத்துக்குப் பனித் தட்டுப்பாடு மிக மோசமா வரக்கூடும். 4 பாகை எண்டா 98 வீதம். அதாலதான் எல்லா இடமும் மிசின் பூட்டுகினம். ஒரு ஹெக்ரயரில 30 சென்ரிமீற்றர் பனி போடக் குறைஞ்சது 10 இலட்சம் லீற்றர் தண்ணி வேணும். குளிருக்கை ஆத்தில தண்ணி குறைவு. அதால மலைக்கு மேலயே கிடங்கு வெட்டிச் சேக்கினம். ஒண்டின்ர கரையால ஓடினன். கறுப்புப் பிளாஸ்ரிக் விரிப்பு, அதுக்கு மேல உடைச்ச கல்லு, சுத்திவரக் கம்பி வேலி. கரையில ஒரு செடி இல்லை.

ரவி மாமா: நான் வேலை செய்யேக்க நவம்பரிலயே முழங்கால் மட்டும் பனி கிடக்கும். போன வருசம் பழைய முதலாளியின்ர செத்தவீட்டுக்குப் போனனான். மலை முழுக்கக் காய்ஞ்ச புல்லு, நடுவால ஒரு வெள்ளைக் கோடு. அதில சனம் வழுக்கிக்கொண்டு போகுது.

செல்வி சித்தி: ஆர், அந்த மீசைக்கார முதலாளியோ? எப்ப செத்தவர்?

ரவி மாமா: தை மாசம். நல்ல மனுசன். பொங்கலுக்கு லீவு தந்தவர்.

துஷி: அப்ப நான் போர்ட் செய்யக் கூடாதோ அக்கா

வதனி: செய் துஷி. ஆனா குறிச்ச பாதையை விட்டுக் காட்டோரம் போகாத. பிர்க்ஹூன் எண்டு ஒரு காட்டுக்கோழி பனிக்குள்ள குழி பறிச்சுப் படுத்திருக்கும். குளிருக்கை அதுக்குத் தீன் குறைவு. அசையாமல் கிடந்தாத்தான் தப்பும். நீ பக்கத்தால போனாப் பயந்து எழும்பிப் பறக்கும், திரும்பத் திரும்ப எழுப்பினா உடம்பில இருக்கிற சத்துப் போயிடும். வில்ட்றூஹெசோன, அதாவது காட்டு விலங்குகளைக் குழப்பக் கூடாத இடம் எண்டு பலகை கண்டா உள்ளுக்கு இறங்காத.

துஷி: சரி. அந்தப் பலகை கண்டிருக்கிறன், ஏனெண்டு தெரியாது

குமார் அண்ணா: வதனி, நாங்கள் 6 பேர் பிளேன்ல வாறதுக்கு என்ன சொல்லுறாய்? அதுதானே பெரிய புகை.

வதனி: ஓம் அண்ணா. ஸ்கீ விடுமுறையிலயும் கூடுதலான புகை போய் வாற பயணத்தாலதான். 5 நாளுக்கு எண்டு வராதேங்கோ. பிள்ளையளின்ர பள்ளிக்கூட லீவோட ஆடி மாசம் வந்து 3 கிழமை நில்லுங்கோ. மலைக்கு எல்லாரும் ரெயின்ல போவம், அங்கால மஞ்சள் பஸ். அம்மம்மா வெளியில கதிரை போட்டு இருக்கலாம். மாமா, கோடையிலயும் ஆக்கள் வந்தாத்தான் உங்கட ஆக்களுக்கு வருசம் முழுக்க வேலை இருக்கும்.

சுதா பெரியம்மா: பிறந்த நாளை ஆடிக்குத் தள்ளுறதோ? அம்மா மார்கழித் திருவாதிரை.

பாலா மச்சான்: நாங்கள் 22 பேர் போகாட்டி ஸ்கீ நிண்டிடுமோ?

வதனி: 2022 இல ஒஸ்ரியாவில பிற்ஸ்ரால், ஓற்ஸ்ரால் ரெண்டு பள்ளத்தாக்கின்ர பனியாற்று ஸ்கீ இடங்களையும் ஒண்டாச் சேர்க்கத் திட்டம் இருந்தது. ஒரு மலை முகட்டையே வெடி வைச்சுக் குறைக்கப் பாத்தவை. பிற்ஸ்ரால் பக்கத்து ஊரில வாக்கெடுப்பு வைச்சாங்கள். 50.36 வீதம் வேண்டாம் எண்டு விழுந்தது. ஸ்கீயால சாப்பிடுற சனந்தான் அந்த வோட்டைப் போட்டது பாலா. திட்டம் நிண்டிட்டுது.

ரவி மாமா: பாதிக்குப் பாதி. எங்கட குடும்பம் மாதிரித்தான்.

செல்வி சித்தி: அப்ப நாங்களும் வோட்டுப் போடுவம்

*கருத்துக்கணிப்பு: மார்கழி மலை வீடு 8 | மார்கழி வீட்டில, ஆடி மலையில 8*

குமார் அண்ணா: துஷி ரெண்டுக்கும் போட்டிருக்கிறாள்

சுதா பெரியம்மா: அம்மா சொல்லுறா, பனியை யன்னலுக்குள்ளால பாத்தாக் காணுமாம். எல்லாரும் ஒரு வீட்டில படுக்க வேணுமாம், அது முக்கியமாம்.

ரவி மாமா: சரி, வீட்டுக்காரரிட்ட ஆடி விலையும் கேக்கிறன். மார்கழியை நான் இன்னும் விடேல்ல. வெள்ளி மட்டும் நேரம் இருக்கு.

வதனி: காணும் மாமா. ரெயின் நேரமெல்லாம் நான் பாத்துப் போடுறன்.

குமார் அண்ணா: ஆடியில ரிக்கெட் இன்னும் விலை

செல்வி சித்தி: எப்ப எண்டாலும் ரோல்ஸ் ஆர் செய்யிறது? என்ர பெரிய தாச்சி ஒராளிட்டப் போய் ரெண்டு வருசம், இன்னும் வரேல்ல.

பாலா மச்சான்: நான் வேலைக்கு வெளிக்கிடுறன்