பாட்டி தும்மினால் கரும்பழுப்பு

சுங்கை சிப்புட் குடும்பம் | சனிக்கிழமை

சித்தி, காலை 9.12
எல்லாரும் பசியாறியாச்சா? பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்காக நான் வரையும் படக்கதையில் 6 பக்கம் முடிந்தது. படம் அனுப்பியிருக்கிறேன். தோட்டத்துப் பச்சை ஓணான்தான் கதாநாயகன். தென்னை மட்டை விழுந்தால் பழுப்பாகிவிடுவான். சேவல் கூவினால் பழுப்பு. பாட்டி தும்மினால் கரும்பழுப்பு!

மாமா, 9.20
தும்மல் பக்கத்தைப் பார்த்து இங்கே மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். தலைப்பு ‘பச்சோந்தி’ என்று வைக்கலாமே?

சித்தி, 9.26
வேண்டாம் அண்ணே. நேரத்துக்கு ஒரு பேச்சு பேசுகிறவனைத்தான் பச்சோந்தி என்று திட்டுகிறோம். நிஜப் பச்சோந்தி நம் மலேசியக் காட்டில் இல்லவும் இல்லை. மலாய்க்காரர்கள் சும்பா-சும்பா என்பார்களே, நீள வாலோடு மரத்தில் உட்கார்ந்திருக்குமே, இவன் அதுதான். மிரண்டால் பச்சை மங்கிக் கறுக்கிறான். பயந்துபோனவனுக்கு ஏமாற்றுக்காரன் பெயரை எப்படி வைப்பது?

அம்மா, 9.31
நம் வேலியில் தலை சிவந்த ஓணான் ஒன்று வருமே, அதுவும் பயத்திலா?

மாமா, 9.33
அது வேறு இனம் அக்கா. ஜோடி தேடும் காலத்தில் ஆணுக்குத் தலையும் தோளும் சிவக்கும்.

சித்தி, 9.35
அவன்தான் பக்கத்து வீட்டுக்காரன். நாள் முழுக்கக் கண்ணாடி முன்னால் நிற்பான். ஐந்தாம் பக்கம் பாருங்கள் 😄

சித்தி, 9.41
ஏன் ஆரம்பித்தேன் என்றால், போன வாரம் ஒரு பையன் பாட்டு மறந்து நின்றுவிட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்ததும் முகம் கறுத்துப்போனது. நாமும் கோபத்தில் சிவக்கிறோம், பயத்தில் வெளுக்கிறோம். அதை ஓணானை வைத்துச் சொன்னால் அவனும் சேர்ந்து சிரிப்பான் என்று தோன்றியது. கடைசிப் பக்கத்தில் ஒரு சிறுமி ஓணானைத் தடவிக் கொடுக்கிறாள். அதுதான் சரியாக வரவில்லை.

அம்மா, 9.58
பாட்டி பக்கத்தில் இருக்கிறார், அவர் சொல்வதை எழுதுகிறேன்: “தடவினால் இன்னும் பயப்படும். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவின காலத்தில், மங்குக் கிண்ணத்தில் வடிந்த பாலை எடுக்கப் போனால் மரத்தில் அசையாமல் இருக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டு, பார்க்காத மாதிரி சும்மா நிற்பேன். கொஞ்ச நேரத்தில் பச்சை திரும்பிவிடும். கங்காணிதான் ஏன் நிற்கிறாய் என்று கத்துவார்.”

சித்தி, 10.04
அம்மா!! இதுதான் எனக்குக் கிடைக்காமல் இருந்தது. மாற்றி வரைகிறேன். சிறுமி வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து வேறு பக்கம் பார்க்கிறாள். ஓணான் இன்னும் பழுப்புதான்.

அக்கா, 10.09
அடுத்த பக்கத்தில் பச்சையாகிவிடுவானா சித்தி?

சித்தி, 10.11
அடுத்த பக்கத்தில் வெறும் கோட்டுப் படம்தான். எப்போது பச்சையாகலாம் என்று பிள்ளைகளே பார்த்து வண்ணம் தீட்டட்டும்.

மாமா, 10.13
இன்றைக்குப் பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகிறேன். பச்சைக் கலர் பென்சில் எத்தனை வேண்டும்?

சித்தி, 10.14
20 அண்ணே. பழுப்பும் 20 வாங்கிவிடுங்கள்.