‘திடீரென்று வந்துவிட்டீர்கள்’: சைக்கிளும் காரும் உரசிக்கொண்ட அனுபவங்களைப் பகிருங்கள்

தனிமிதி:

பதினோரு ஆண்டுகளாக வேலைக்குச் சைக்கிளில்தான் போய் வருகிறேன். போக 9 கிலோமீட்டர், வர 9 கிலோமீட்டர். திட்டு வாங்குவது எனக்குப் புதிதல்ல. “ஓரமாகப் போக மாட்டாயா?” என்ற கேள்வியை எத்தனை குரல்களில் கேட்டிருக்கிறேன் என்று எண்ணத் தொடங்கினால் பொழுது போதாது. ஆனால் போன செவ்வாய்க்கிழமை நடந்ததை இன்னும் செரிக்க முடியவில்லை.

நேரான சாலை. வளைவு கிடையாது, நிழல் கிடையாது, பட்டப்பகல். பின்னால் வந்த காரின் பக்கக் கண்ணாடி என் முழங்கையில் இடித்தது. கண்ணாடி மடங்கிக்கொண்டது. நான் தடுமாறி மண்ணில் இறங்கி, ஒரு காலை ஊன்றி, விழாமல் தப்பினேன். கார் நிற்கவில்லை. ஆனால் 300 மீட்டர் தள்ளி ஒரு சிக்னல், சிவப்பு விழுந்திருந்தது. வலியோடு மிதித்துப் போய் ஜன்னலைத் தட்டினேன்.

வழியெல்லாம் மனத்துக்குள் கூர்தீட்டி வைத்திருந்த வார்த்தைகள், ஜன்னல் இறங்கியதும் தொண்டையிலேயே நின்றுவிட்டன. உள்ளே இருந்தவருக்கு என் அப்பாவின் வயது இருக்கும். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை நடுங்கிக்கொண்டிருந்தது. “தம்பி, நீங்கள் திடீரென்று வந்துவிட்டீர்கள்” என்றார்.

கால் மணி நேரமாக ஒரே நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்தவன் எப்படி ஐயா திடீரென்று வர முடியும்? கேட்பதற்குள் பச்சை விழுந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள். அவர் போய்விட்டார்.

அவர் பொய் சொல்லியிருந்தால் கோபப்பட்டுவிட்டு மறந்திருப்பேன். அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் உறுத்துகிறது. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? கார் ஓட்டுகிறவர்களும் எழுதுங்கள், திட்ட மாட்டேன். கொஞ்சமாகத்தான் திட்டுவேன்.

நான்காம் கியர்:

நீங்களே கூப்பிட்டதால் வருகிறேன். நான் கார் ஓட்டுகிறவன், சைக்கிளைத் தொட்டு இருபது வருடம் ஆகிறது.

என் கதை இரவில் நடந்தது. விளக்குகள் அணைந்த சாலை, எதிரே ஒரு வண்டி முழு வெளிச்சத்தோடு வருகிறது. அது கடந்து போன அடுத்த நொடி என் முன்னால் ஒரு சைக்கிள். கறுப்புச் சட்டை, விளக்கு இல்லை, பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் கூட இல்லை. மிதித்த பிரேக்கில் பின் சீட்டில் இருந்த பை என் தலைக்கு மேல் பறந்து வந்தது. அவர் திரும்பிப் பார்த்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். ஒருவரைக் கொன்றிருப்பேன். காலம் முழுக்க அதைச் சுமந்திருப்பேன். அவருக்கோ எதுவுமே நடக்கவில்லை.

சைக்கிளை மிதிப்பவருக்குச் சாலை நன்றாகத் தெரிகிறது, அதனால் தானும் மற்றவர்களுக்குத் தெரிகிறோம் என்று நினைத்துக்கொள்கிறார். இருட்டில் இரண்டும் ஒன்றல்ல. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் 14 மீட்டர் கடந்துவிடும். ‘அது என்ன?’ என்று மூளை கேட்டு முடிப்பதற்குள் 14 மீட்டர் போயிருக்கும். கணுக்காலில் ஒளிரும் பட்டை ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று எல்லாருக்கும் சொல்கிறேன். முதுகில் ஒட்டியிருக்கும் பட்டை வெறும் ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். காலில் இருப்பது மேலும் கீழும் போய் வருவதால், அது மிதிக்கும் மனிதன் என்று கண் உடனே பிடித்துக்கொள்ளும்.

தனிமிதி ஐயாவுக்கு நடந்தது பகலில். அதற்கு நியாயம் சொல்ல நான் வரவில்லை. ஆனால் ஒன்று: முன்கண்ணாடியின் இரு பக்கமும் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கின்றன அல்லவா? ஒரு சைக்கிளை முழுதாக மறைக்க அந்தத் தூண் போதும். பக்கச் சாலையிலிருந்து வரும் சைக்கிளும் காரும் ஒரே சந்திப்பை நோக்கி அதனதன் சீரான வேகத்தில் வந்தால், சைக்கிள் கடைசி வரைக்கும் அந்தத் தூணின் பின்னாலேயே இருக்கக் கூடும். தலையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இதை ஓட்டுநர் பயிற்சியில் யாரும் சொல்லித் தரவில்லை. ஒருமுறை மயிரிழையில் தப்பிய பிறகு நானே கற்றுக்கொண்டேன்.

பன்னிரண்டு சக்கரம்:

லாரிக்காரன் பேசலாமா?

திருப்பத்தில் நடப்பதை மட்டும் சொல்கிறேன், மற்றதை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். நீளமான வண்டி திரும்பும்போது முன் சக்கரம் போன தடத்தில் பின் சக்கரம் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் திரும்புவதற்கு முன் நாங்கள் வண்டியை எதிர்ப்பக்கமாக ஒடித்து எடுப்போம். அப்போது உள்பக்கம் அகலமாக ஓர் இடைவெளி திறக்கும். சைக்கிளில் வருகிறவர் ‘லாரிக்காரர் வழி விட்டார்’ என்று நினைத்து அதற்குள் நுழைகிறார். அது அவருக்கு விட்ட வழி அல்ல. கத்தரிக்கோல் வாய் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னும் சில நொடிகளில் அது மூடும்.

என் சீட்டிலிருந்து என் மூக்குக்கு நேர் கீழே நிற்பவர் தெரிய மாட்டார். கிளீனர் பக்கக் கதவை ஒட்டி நிற்பவரும் தெரிய மாட்டார். கூடுதல் கண்ணாடிகள் வைத்திருக்கிறேன், ஆனால் ஆறு கண்ணாடியையும் ஒரே நேரத்தில் பார்க்க எனக்கு ஆறு கண் இல்லை. சிக்னலில் நான் நின்றுகொண்டிருக்கும்போது பக்கத்தில் ஊர்ந்து முன்னால் வராதீர்கள். பின்னாலேயே நில்லுங்கள். முன்னால் வந்தே ஆக வேண்டும் என்றால் நன்றாக முன்னே போய் நின்று, திரும்பி என் முகத்தைப் பாருங்கள். உங்களுக்கு என் கண் தெரிந்தால்தான் எனக்கு நீங்கள் தெரிகிறீர்கள்.

முப்பது வருடத்தில் ஒருவரையும் நான் தொட்டதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் அடிவயிறு இழுத்துக்கொள்கிறது, அதைத்தான் சொல்ல வந்தேன்.

கதவுக்காரி:

இதை இதுவரை வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொன்னதில்லை. புனைபெயரைப் பார்த்தே புரிந்திருக்கும்.

நான் ஓட்டவில்லை, பின் சீட்டில் இருந்தேன். கார் ஓரமாக நின்றது. கைப்பையை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தேன். ஒரு சத்தம். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. இறங்கிப் பார்த்தால் ஓர் இளைஞர் சாலையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். காறையெலும்பு முறிந்திருந்தது. நல்ல வேளையாக அந்த நேரத்தில் பின்னால் வேறு வண்டி எதுவும் வரவில்லை. வந்திருந்தால் என்ற நினைப்பில் இப்போதும் சில இரவுகளில் விழித்துக்கொள்கிறேன்.

அவரைப் பார்த்து என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை எது தெரியுமா? “திடீரென்று வந்துவிட்டீர்களே!” மன்னிப்பு அதற்குப் பிறகுதான் வந்தது.

பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 20 கிலோமீட்டர் என்பது சைக்கிளுக்குப் பெரிய வேகம் இல்லை. அந்த வேகத்திலேயே நொடிக்கு ஐந்தரை மீட்டர். கதவு திறக்க ஒரு நொடி கூட ஆகாது. அவர் சிறந்த ஓட்டுநராகவே இருந்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. செய்ய வேண்டியது என் கையில் மட்டும்தான் இருந்தது. நெதர்லாந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ஒரு பழக்கம் உண்டு, ‘டச் ரீச்’ என்பார்கள்: கதவை ஒட்டிய கையால் திறக்காமல், மறுபக்கக் கையை நீட்டித் திறப்பது. அப்படிச் செய்தால் உடம்பு தானாகவே திரும்பும், கண் பின்னால் போகும். பிரிட்டன் 2022-இல் தன் சாலை விதி நூலிலேயே இதைச் சேர்த்துவிட்டது. என் குழந்தைகள் இருவரும் இப்போது அப்படித்தான் திறக்கிறார்கள். மறந்தால் திரும்பவும் மூடிவிட்டு, சரியான கையால் திறக்கச் சொல்கிறேன். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

ஓரக்கோடு:

கதவுக்காரி அவர்களுக்கு நன்றி. “ஏன் ஓரமாகப் போவதில்லை?” என்ற கேள்விக்கு என்னுடைய பதிலே உங்கள் கதைதான். நிற்கும் கார்களை ஒட்டிப் போனால் கதவு. அவற்றை விட்டு ஒரு மீட்டருக்கு மேல் தள்ளிப் போனால் பின்னால் வருகிறவரின் ஹார்ன். எனக்கு ஹார்ன் போதும், எலும்பு முறியாது.

சாலையின் விளிம்பு எப்படி இருக்கும் என்று காரில் இருப்பவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஜல்லி, கண்ணாடித் துண்டு, மழைநீர் வடிகால் மூடி எல்லாம் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். பள்ளத்தைப் பத்து மீட்டர் முன்பே பார்த்துவிட்டு, திரும்பிப் பார்த்து, மெதுவாகத்தான் விலகுகிறேன். பள்ளம் தெரியாத காருக்கு நான் திடீரென்று குறுக்கே பாய்ந்தவன். இரண்டு பேர் சொல்வதும் உண்மை. ஆனால் விழுகிறவன் நான்.

இன்னொரு கணக்கு. முன்னால் 200 மீட்டரில் சிக்னல் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50-இல் போனால் அந்தத் தூரத்தைக் கடக்க 14 நொடி, என் பின்னால் 20-இல் வந்தால் 36 நொடி. இடையில் இருப்பது 22 நொடி. அதையும் முழுதாக மிச்சம் பிடிக்க முடியாது, ஏனென்றால் சிக்னல் சிவப்பு. என்னை உரசிக்கொண்டு முந்திப் போனவரை அங்கே போய்ப் பார்த்துப் புன்னகைப்பது என் அன்றாடப் பொழுதுபோக்கு.

ஜெர்மனியில் 2020 முதல், சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டரும் ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும் என்று சட்டத்தில் எண்ணாகவே எழுதிவிட்டார்கள். ‘போதுமான இடைவெளி’ என்று சொன்னால் காரில் இருப்பவருக்கு ஒரு முழம் கூடப் போதுமானதாகத் தெரியும்.

நான்காம் கியர்:

சிவப்பு விளக்கைத் தாண்டிப் போகும் சைக்கிள்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருக்கலாமே?

ஓரக்கோடு:

எழுதலாம். நானும் தாண்டியிருக்கிறேன், பெருமைப்படவில்லை. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1982-இலிருந்து, ‘நில்’ பலகையைச் சைக்கிள்காரர்கள் ‘வேகத்தைக் குறைத்து, வழி விட்டுப் போ’ என்று எடுத்துக்கொள்ளச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் நம்மில் பலர் வழியும் விடுவதில்லை, வேகத்தையும் குறைப்பதில்லை. நடந்து கடப்பவர்களுக்கு நாம்தான் கார். இந்த இடத்தில் உங்கள் கோபத்தை ஒத்துக்கொள்கிறேன்.

மாலைநேரப் பயணி:

எனக்கு நடந்தது வேறு மாதிரி. பின்னால் குழந்தை இருக்கை மாட்டி மகளை ஏற்றிக்கொண்டு போன இரண்டு வருடமும் கார்கள் என்னைச் சுற்றி ஒரு வாய்க்கால் அகலத்துக்கு விலகிப் போயின. மகள் வளர்ந்துவிட்டாள், இருக்கையைக் கழற்றினேன். அடுத்த வாரமே முழங்கையை உரசிக்கொண்டு போகிறார்கள். அதே சாலை, அதே சைக்கிள், அதே நான்.

இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் இயன் வாக்கர் என்ற உளவியல் ஆய்வாளர், சைக்கிளில் தூரம் அளக்கும் கருவி ஒன்றைப் பொருத்திக்கொண்டு தானே மிதித்துப் பார்த்தார். ஹெல்மெட் போட்டபோது வண்டிகள் சற்று நெருங்கிக் கடந்தன என்றும், நீளமான பெண்முடியை மாட்டிக்கொண்டபோது கூடுதல் இடம் விட்டன என்றும் 2007-இல் எழுதினார். படித்தபோது சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. முந்துகிறவர் என் முதுகைப் பார்த்து ஒரு கணக்குப் போடுகிறார் என்றால், அந்தக் கணக்கில் நான் யார்?

தாள்புரட்டி:

ஒரு சின்னத் திருத்தம். ஹெல்மெட் பற்றிய அந்த முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2013-இல் வேறு இரு ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, நெருங்கிக் கடப்பதற்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார்கள். யாரும் இதைப் படித்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடக் கூடாதே என்ற கவலையில் எழுதுகிறேன்.

மாலைநேரப் பயணி:

நான் கழற்றவில்லை. குழந்தை இருக்கையைத்தான் திரும்ப மாட்டிவிட்டேன், காலியாக.

தனிமிதி:

எல்லாருக்கும் நன்றி. பன்னிரண்டு சக்கரம் அண்ணன் எழுதியதைப் படித்துவிட்டு, வேலை செய்யும் இடத்துக்குச் சரக்கு ஏற்றி வரும் லாரி ஓட்டுநரிடம் கேட்டேன். நிறுத்தியிருந்த வண்டியில் என்னை ஏற்றி அவருடைய சீட்டில் உட்கார வைத்தார். என் சைக்கிளை மறுபக்க முன்மூலையில் நிறுத்தி, பக்கத்தில் நண்பர் ஒருவரை நிற்கச் சொன்னோம். நான் முன்கண்ணாடி வழியாகப் பார்த்தேன், பக்கக் கண்ணாடிகளைப் பார்த்தேன், எழுந்து எட்டிப் பார்த்தேன். சைக்கிளையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை. கூப்பிட்டதும் நண்பர் கையை உயர்த்தினார். ஜன்னலின் கீழ் விளிம்பில் ஐந்து விரல்கள் மட்டும் தெரிந்தன.

அன்றிலிருந்து லாரிகளின் பக்கத்தில் நிற்பதில்லை. கணுக்காலுக்குப் பட்டையும் வாங்கிவிட்டேன், நான்காம் கியர் அவர்கள் கவனிக்கவும்.

ஆனால் என் முழங்கையில் இடித்தது லாரி இல்லை. பகல் வெளிச்சம், நேரான சாலை, துடைத்து வைத்த கண்ணாடி, எட்டிப் பார்க்கத் தேவையில்லாத உயரம். வீக்கம் இன்னும் வடியவில்லை. நாளைக் காலை அதே சாலையில்தான் போக வேண்டும். வேறு வழி 4 கிலோமீட்டர் சுற்று.