வளைந்த வரி உள்ள கருங்கல்: அடித்தால் பிளக்கும் கல் எப்படி வளைந்தது?

கோத்தகிரி தேயிலைக்காரன்:
வணக்கம். எனக்கு ஒன்றரை ஏக்கர் தேயிலை இருக்கிறது. 2009 நவம்பர் மழையில் சரிந்த மேட்டுக்கு இப்போதுதான் தடுப்புச் சுவர் கட்டுகிறேன். அதற்கு வந்த கற்களில் ஒன்று என்னை இரண்டு நாளாக வேலை செய்ய விடவில்லை. கறுப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரிகள், ஒவ்வொன்றும் விரல் தடிமன். ஓரிடத்தில் எல்லா வரியும் சேர்ந்து, மடித்துப் போட்ட ஜமுக்காளம் மாதிரி வளைந்து திரும்புகின்றன. ஒரு வரிகூட அறுபடவில்லை. கல் உடைக்கும் அண்ணன் சம்மட்டியால் நான்கு போடு போட்டார். வளைவுக்குக் குறுக்கே நேராகப் பிளந்துவிட்டது. பிளக்கிற கல் முதலில் எப்படி வளைந்தது? பையனின் பாடப்புத்தகத்தில் பூமியை வெங்காயம் மாதிரி அடுக்கடுக்காகப் போட்டிருக்கிறார்கள். அதில் இதற்குப் பதில் இல்லை.

குன்னூர் மாணவி:
அண்ணா, அடியில் இருப்பதெல்லாம் எரிமலைக் குழம்புதானே? உருகி ஓடும்போது வளைந்து, அப்புறம் ஆறி இறுகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஊட்டி ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்:
நிறைய பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள் அம்மா, ஆனால் அது சரியில்லை. நாம் நிற்கும் மேலோடு கண்டங்களுக்கு அடியில் சராசரியாக 35 முதல் 40 கிலோமீட்டர். அதன் கீழே 2,900 கிலோமீட்டர் ஆழம் வரை இருக்கும் மூடகமும் பெரும்பாலும் திடப் பாறைதான். நிலநடுக்க அலைகளில் ஒரு வகை திரவத்துக்குள் போகாது. அது மூடகத்தைத் தாண்டிப் போகிறது, வெளிக் கருவத்தில் நின்றுவிடுகிறது. திரவமாக இருப்பது அந்த வெளிக் கருவம்தான். இரும்பும் நிக்கலும் உருகிய அடுக்கு அது. அதற்கும் உள்ளே இன்னொரு கருவம் இருப்பதை 1936-இல் இங்கெ லேமன் (Inge Lehmann) என்ற டென்மார்க் பெண்மணி கண்டுபிடித்தார். அது திடமானது என்பது பிறகுதான் தெரிந்தது.

தம்பி, உங்கள் கல் வளைந்தபோதும் திடமாகத்தான் இருந்தது. கவாத்துக் கத்தி அடிக்கும் பட்டறையைப் பார்த்திருப்பீர்கள். உலையில் சிவந்த இரும்பு உருகுவதில்லை, ஆனால் சுத்தியலுக்கு வளைந்து கொடுக்கும். கல்லும் அப்படித்தான். பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் 25, 30 டிகிரி சூடு கூடும். ஏறக்குறைய 300 டிகிரியில் குவார்ட்ஸ், நம் ஊர் வெங்கச்சாங்கல், மெல்ல இழுபடத் தொடங்கும். கல்லில் இருக்கும் இன்னொரு கனிமமான ஃபெல்ட்ஸ்பாருக்கு இன்னும் கூடுதல் சூடு வேண்டும். அதனால் 10, 15 கிலோமீட்டர் ஆழம் வரை பாறை உடையும், அதற்கும் கீழே வளையும். ஆழத்தில் எல்லாப் பக்கமும் நெருக்குவதால் விரிசல் வாய் திறக்கவும் இடமில்லை. இதோடு காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சம்மட்டி நொடியில் அடிக்கிறது. அங்கே லட்சக்கணக்கான ஆண்டுகள் விடாத அழுத்தம்.

ஒன்று கேட்கிறேன், கல் எங்கிருந்து வந்தது?

கோத்தகிரி தேயிலைக்காரன்:
மேட்டுப்பாளையம் பக்கத்திலிருந்து லாரியில் வந்தது ஐயா. நம் மலைக் கல் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊட்டி ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்:
அப்படியானால் சரியாகப் பொருந்துகிறது! நீலகிரி மலை பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறை, வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேலோட்டின் அடிப்பகுதியில் உருவாகி மேலே வந்தது. மனிதன் தோண்டிய மிக ஆழமான துளை, ரஷ்யாவின் கோலாவில், 12 கிலோமீட்டர் சொச்சம்தான். எந்தத் துளையும் எட்டாத ஆழத்துப் பாறைமேல் நீங்கள் தேயிலை பறிக்கிறீர்கள். இந்த மலைக்கு வடக்கே மோயாறு, தெற்கே பவானி. இரண்டும் வெறும் ஆற்றுப் பள்ளங்கள் அல்ல. இரண்டு பக்கத்துப் பாறைகளும் ஆழத்தில் ஒன்றை ஒன்று உரசி நகர்ந்த நறுக்கு மண்டலங்கள். அங்கே குவார்ட்ஸ் மணிகள் நாடாவாக இழுபட்டிருக்கும். உங்கள் லாரி பவானி மண்டலத்திலிருந்துதான் வந்திருக்கிறது.

சுவரில் தண்ணீர் வடிய துளை விட மறக்காதீர்கள். மேலே இருந்த பாறைச் சுமை அரித்துப்போனதும் அழுத்தம் தளர்ந்து கீழ்ப் பாறையில் விரிசல் விடும். மழைநீர் அதன் வழியாகத்தான் இறங்குகிறது.

கோத்தகிரி தேயிலைக்காரன்:
இரண்டடிக்கு ஒரு குழாய் வைக்கச் சொல்லிவிட்டேன் ஐயா. அந்தக் கல்லைச் சுவரில் வைக்கவில்லை, கழுவித் திண்ணையில் வைத்திருக்கிறேன். நனைந்ததும் மாதுளை முத்து மாதிரி சிவப்பு மணிகள் தெரிகின்றன. வரிகள் அந்த மணிகளைச் சுற்றி ஒதுங்கிப் போகின்றன. அது என்ன?

ஊட்டி ஓய்வுபெற்ற நிலவியல் ஆசிரியர்:
கார்னெட் என்ற கனிமம். ஓடையில் நடுக்கல்லைத் தண்ணீர் சுற்றிப் போகுமே, அதே மாதிரிதான். சுற்றியிருந்ததெல்லாம் வளைந்தது, அது மட்டும் வளையவில்லை. மணியின் இரண்டு பக்கமும் வால் போல ஏதாவது நீண்டிருக்கிறதா பாருங்கள். அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதை வைத்துப் பாறை எந்தத் திசையில் நகர்ந்தது என்று படிக்கலாம். ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.