குடை ராட்டினக் குதிரை: நாலறை வீட்டில் நிறுத்தலாமா?

பொங்கோல்வாசி:
வணக்கம். அமெரிக்காவிலிருந்து பழைய குடை ராட்டின மரக்குதிரை ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. விற்பவர் சொல்லும் விவரம்: ஃபிலடெல்ஃபியா வேலை, 1910 வாக்கில் செய்தது, நான்கு கால்களும் அந்தரத்தில் பாயும் வகை, நீளம் 150 செ.மீ., எடை 70 கிலோ, வண்ணம் பிற்காலப் பூச்சு, வால் அசல் குதிரைமயிர். விலை 8,000 சிங்கப்பூர் வெள்ளி. படங்களில் இடப்பக்கம் மணியும் ரோஜாவுமாக இழைத்திருக்கிறது, வலப்பக்கம் ஏறக்குறைய வெறுமை. கழுத்தில் ஒரு சுருள்பட்டை, அதற்குள் பெயர் எழுதி அழிந்த தடம்.

இது அசல்தானா? வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீட்டு ஹாலில் வைக்க வேண்டும், தரையையும் கூரையையும் துளைக்காமல். ஏர்கான் மாலையிலிருந்து இரவு வரைதான் ஓடும். பூச்சி பயமும் உண்டு.

பழம்பொருள்_பித்தன்:
பழைய குதிரையாக இருக்கலாம். ஆனால் ஃபிலடெல்ஃபியா என்பதுதான் இடிக்கிறது. அமெரிக்க ராட்டினம் மேலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக ஓடும், அதனால் வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் படுவது குதிரையின் வலப்பக்கம். சிற்பி உழைப்பையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் கொட்டுவார். இங்கிலாந்து ராட்டினம் வலஞ்சுழி, அங்கே அலங்காரம் இடப்பக்கம். கழுத்துப் பட்டையில் குதிரைக்குப் பெயர் எழுதுவதும் இங்கிலாந்துத் திருவிழாக்காரர்கள் வழக்கம். இரண்டும் சேர்ந்து வருவதால் கிங்ஸ் லின் ஊரின் சாவேஜ், பிரிஸ்டலின் ஆண்டர்சன் போன்ற பட்டறைகள் பக்கம்தான் சந்தேகம் போகிறது. இல்லாவிட்டால் பிற்கால நகல். இங்கிலாந்துக் குதிரை மட்டம் என்று சொல்லவில்லை, ஆனால் ஃபிலடெல்ஃபியாவின் டென்ட்செல் பட்டறைக் குதிரையின் விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

பணம் அனுப்புமுன் விற்பவரிடம் நான்கு படம் கேளுங்கள். கம்பம் நுழையும் ஓட்டைக்குள் சிறு எண்டோஸ்கோப் கேமரா விட்டு எடுத்த படம் முதலில். பழைய குதிரையின் உடல் பலகைகளை வச்சிரப் பசையால் ஒட்டிச் செய்த உள்ளீடற்ற பெட்டி. தலையும் கால்களும் தனியாகச் செதுக்கி மர ஆணி வைத்து இணைத்தவை. ஜாவாவில் செதுக்கி வரும் நகல்களில் பெரும்பாலும் கனத்த வெப்பமண்டல மரம் இருக்கும், ஓட்டையும் நேற்றுத் துளைத்தது போல் சுத்தமாக இருக்கும். அடுத்து, ஓட்டையின் விளிம்பு. ஆண்டுக்கணக்கில் கம்பம் உரசியிருந்தால் அது ஒரே சீராகத் தேயாது. மூன்றாவது, சேணமும் அதன் இரு பக்கங்களும், அதாவது தொடையும் ஷூவும் பட்டுத் தேய்ந்த இடங்கள். நான்காவது, குளம்படியில் வண்ணம் பெயர்ந்த ஓரம், மிக அருகிலிருந்து. ராட்டின நிலையங்களில் அடிக்கடி மேலுக்கு மேல் பூசுவார்கள், அந்த ஓரத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். ஒரே அடுக்கு என்றால் புதிது, அல்லது யாரோ முழுக்கச் சுரண்டியிருக்கிறார்கள். சுரண்டியதற்கு மதிப்புக் குறைவு.

வரியையும் கணக்கில் வையுங்கள். பழம்பொருள் என்பதற்காக ஜிஎஸ்டி விலக்குக் கிடையாது. பொருள், கப்பல், காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு 9%. கப்பலும் காப்பீடும் 2,200 வெள்ளி என்றால், 10,200க்கு 918 வெள்ளி.

தச்சுப்பட்டறை:
நிறுத்துவதைப் பற்றி மட்டும். கால்கள் அந்தரத்தில் இருப்பதால் பாரம் முழுவதும் கம்பத்தில்தான். வீவக தரைக்குப் பளு வரம்பு சதுர மீட்டருக்கு 150 கிலோ. 18 மி.மீ. மரைன் பிளைவுட் இரண்டை ஒட்டி 120 × 80 செ.மீ. பீடம் செய்யுங்கள், அது 20 கிலோ வரும். கம்பமும் தகடும் 10 கிலோ. குதிரையோடு 100 கிலோ, பரப்பு 0.96 சதுர மீட்டர். வரம்புக்குள் தாராளமாக நிற்கும். பீடத்தைச் சுருக்கினால் இந்தக் கணக்கும் போச்சு, குதிரையும் சாயும்.

ஓட்டையின் விட்டத்தை மேலும் கீழும் அளந்து, குறுகலான அளவைவிட 2 மி.மீ. சிறிய துருப்பிடிக்காத எஃகுக் கம்பம் எடுங்கள். அடியில் 30 × 30 செ.மீ., 8 மி.மீ. தடிமனுள்ள தகட்டைப் பற்றவைத்து, பீடத்தின் அடிப்புறத்திலிருந்து எம்10 போல்ட் நான்கு. தலைகள் மரத்துக்குள் புதைந்திருக்க வேண்டும். குதிரையின் வயிற்றுக்குக் கீழே கம்பத்தில் இறுக்கும் வளையம், அதன்மேல் தோல் வட்டு. பாரத்தைத் தாங்குவது இந்த வளையம்தான், ஓட்டைக்குள் ஆப்பு அடித்து நிறுத்தினால் பலகை இணைப்பு பிளக்கும். வயிறு தரையிலிருந்து 60 செ.மீ.க்கு மேல் போக வேண்டாம்.

கம்பத்தின் அசல் பித்தளை உறை வந்தால் அதை வெட்டாதீர்கள். நீளம் அதிகமென்றால் தனியாகச் சுவரில் சாய்த்து வையுங்கள். பீடத்துக்கு அடியில் ரப்பர் கூடாது, வைனில் தரையில் மஞ்சள் கறை விழுந்தால் போகாது. தடித்த ஃபெல்ட் போடுங்கள். தூக்கும்போது நெஞ்சிலும் வயிற்றிலும் பட்டை கொடுத்துத் தூக்கச் சொல்லுங்கள். காலைப் பிடித்தால் கணுக்காலில் ஒடியும், அங்கே மர ஓட்டம் குறுக்கே போகும். மின்தூக்கிக் கதவையும் உட்புற மூலைவிட்டத்தையும் பெட்டி வருமுன் அளந்துவிடுங்கள்.

ஈரமானி:
கம்பத்தைவிட ஏர்கான்தான் எனக்குக் கவலை. மாலையில் 55% ஈரப்பதம், காலையில் 85% என்று தினமும் ஏறி இறங்கினால் உள்மரம் அசையாது, மேல்தோல் மட்டும் விரிந்து சுருங்கும். வண்ணம் செதிளாக எழும்புவது அதனால்தான். மாதக்கணக்கில் ஈரம் மாறினால் உள்மரமும் அசையும். அமெரிக்க பாஸ்வுட் மரத்தில் ஈரம் 15 விழுக்காட்டிலிருந்து 11க்கு இறங்கினால், 30 செ.மீ. அகலப் பலகை 3 மி.மீ.க்கு மேல் சுருங்கும். பசை விடும் இடம் பெரும்பாலும் கழுத்தடி.

ஆகவே ஏர்கான் காற்று நேராகப் படாத இடம், மேற்கு வெயில் விழும் சன்னலுக்கு எதிரே இல்லாத இடம், சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி. ஈரநீக்கி வைத்து இரவும் பகலும் 60 முதல் 65%க்குள் நிறுத்தினால் போதும். குளிர்நாட்டில் ஹீட்டர் ஓடிய வீட்டிலிருந்து வந்த மரம் வறண்டிருக்கும். பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் திறந்து மூன்று, நான்கு வாரம் அப்படியே விடுங்கள். அவசரப்பட்டு உடைக்க இது பொங்கல் பரிசு இல்லை.

பூச்சிக்கு: அடியில் கறுப்புக் காகிதம் விரித்து இரண்டு வாரம் பாருங்கள். முகப்பவுடர் போல நுண்தூள் விழுந்தால் மரவண்டு. கசகசா அளவில் ஆறு பட்டையுள்ள மணிகள் என்றால் உலர்மரக் கரையான். பூச்சிக்கொல்லியான போரேட் கரைசலை வண்ணத்தின்மேல் பூசிப் பயனில்லை, வெறும் மரத்தில்தான் ஊறும். புகையூட்டச் சொன்னால் எந்த வாயு என்று கேளுங்கள். மெத்தில் புரோமைடு என்றால் வாலைக் கழற்றிவிட்டுத்தான் அனுப்ப வேண்டும், குதிரைமயிரில் உள்ள கந்தகத்தோடு வினைபுரிந்து போகாத நாற்றம் பிடிக்கும்.

பழைய வண்ணத்தில் ஈயம் இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உப்புத்தாள் தேய்க்கவே கூடாது. பிழிந்த ஈரத்துணியால் ஒற்றித் துடைத்தால் போதும். பிள்ளைகளை ஏற்றி உட்காரவைக்கவும் வேண்டாம்.

பொங்கோல்வாசி:
நன்றி, நான்கு படமும் கேட்டிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்வி. ஹாலில் நுழைந்ததும் நேரெதிரே நீளச் சுவர், அதன் இடது கோடியில் சன்னல், வலது கோடியில் மூலை. எங்கே நிறுத்துவது? தமிழ்நாட்டிலிருந்து பழைய கோயில் குதிரை வாகனம் அனுப்புகிறேன் என்று ஒருவர் சொல்கிறார், அது மேலா?

பழம்பொருள்_பித்தன்:
இரண்டாவதற்கு முதலில் பதில்: தொடாதீர்கள். நூறாண்டு தாண்டிய சிற்பத்தைத் தனியார் ஏற்றுமதி செய்வது இந்தியாவின் 1972 சட்டப்படி குற்றம். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவுபோன சோழர்கால உமா பரமேஸ்வரி இங்கே ஆசிய நாகரிகங்கள் அரும்பொருளகத்துக்கே வந்து சேர்ந்து, 2015இல் திரும்பிப் போனது. அரும்பொருளகத்துக்கே அந்தக் கதி. நூறாண்டு ஆகவில்லை என்று அவர் சொன்னால், இந்தியத் தொல்லியல் துறையின் பழம்பொருள் அல்ல என்ற சான்றிதழைக் கேளுங்கள்.

இடம்: உங்கள் குதிரைக்கு இடப்பக்கம் அலங்காரம். அதைக் காட்டி நிறுத்தினால் தலை பார்ப்பவரின் இடக்கைப் பக்கம் திரும்பும். அதனால் சுவரின் வலது பாதியில், பின்புறம் மூலையை நோக்க, முன்னே இரண்டு மீட்டராவது வெறுமையாக இருக்கும்படி. இடது கோடியில் வைத்தால் சன்னலில் போய் முட்டுவது போலிருக்கும், வெயிலும் படும். விளக்கு 3000 கெல்வின் எல்இடி, தலைக்கு முன்னாலிருந்து சரிவாக. நேர்மேலே வைத்தால் பிடரியின் நிழல் முகத்தை மறைக்கும்.

தச்சுப்பட்டறை:
பக்கத்தில் வேறு சிலை வேண்டாம் தம்பி. பீடத்தையும் சுவர் நிறத்திலேயே பூசுங்கள், மேட் பூச்சு.