திருப்தி 5-க்கு 4, கடைசியில ஒரு வரி: பொறியியல் மாணவிகள் பத்தி நீங்க பார்த்ததைச் சொல்லுங்க

அலைவரி:
அந்த ஒரு ஃபீட்பேக் ஃபார்ம் கண்ணை விட்டுப் போகலை. பாடம், ஆசிரியர், லேப், ‘மொத்தத்தில் படிப்பு திருப்தியா?’ எல்லாத்துக்கும் 4. கடைசிக் கட்டத்துல மட்டும் பென்சில்ல ஒரு வரி: செமஸ்டர் முழுக்க ரீடிங் எழுதினதோட சரி, ஆசிலோஸ்கோப் (மின்னழுத்தத்தை அலையாத் திரையில காட்டுற கருவி) புரோபை, அதாவது சர்க்யூட்டுல மாட்டுற அதோட முனையைத் தொட்டதே இல்லை.
சராசரி ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒண்ணுதான். வித்தியாசம் இல்லைன்னு அறிக்கை போயிடும். ‘கருவியை நீயே இயக்கினியா’, ‘குழுவுல உன் பேச்சு எடுபடுதா’ன்னு பிரிச்சுக் கேட்டாத்தான் இடைவெளி வெளிய வரும்.

எண்ணுபவர்:
பிரிச்சுக் கேளுங்க, சரி. சராசரியை நம்பாதீங்க தோழர். 60 பேர் வகுப்புல 9 பெண்கள்னா, ஒருத்தி 4-லிருந்து 1-க்கு இறங்கினாலே பெண்கள் சராசரி 0.33 விழும். ஒரு பையன் இறங்கினா 0.06 தான். 1, 2 போட்டவங்க எத்தனை பேர்னு எண்ணிக்கையாவே காட்டுங்க, மூணு பேட்சைச் சேர்த்துப் பாருங்க.
இன்னொண்ணு, பாதியில நின்னவங்களும் துறை மாறினவங்களும் கடைசி வருஷ ஃபார்ம்ல இருக்கவே மாட்டாங்க. மனசு வெறுத்துப் போனவங்க போன பிறகு அளந்தா, திருப்தி கூடுதலாத்தான் தெரியும்.

முப்பரிமாணம்:
முதலாண்டு டிராயிங் வகுப்பு. ஐசோமெட்ரிக், அதாவது பொருளோட மூணு பக்கத்தையும் சாய்வாக் காட்டுற படத்திலிருந்து மேல்தோற்றம் வரையணும். ஒரு பொண்ணு அழிச்சு அழிச்சு அந்த இடத்துல தாளே கிழிஞ்சிடுச்சு. தனக்கு இது வராதுன்னு அன்னிக்கே முடிவு கட்டிட்டா.
வரும். அமெரிக்காவுல மிச்சிகன் டெக் பல்கலைக்கழகத்துல பொறியியல் ஆசிரியர் ஷெரில் சார்பி 1993-ல ஆரம்பிச்ச பயிற்சியே சாட்சி. 30 கேள்வியில ஒரு தேர்வு, பொருளை மனசுக்குள்ள சுழற்றிப் பார்க்கணும். 60 சதவீதமோ அதுக்குக் கீழயோ வாங்கினவங்களுக்குத் தனிப் பயிற்சி. கட்டையைக் கையில திருப்பிப் பார்த்து வரையறதுதான் அதுல முக்கியம். மதிப்பெண் ஏறிச்சு, படிப்பைத் தொடர்ந்த பெண்களும் கூடினாங்க.

சுற்றமைப்பு:
அலைவரி, கேள்வியை மாத்துறது அப்புறம். முதல்ல பெஞ்சை மாத்துங்க. நாலு பேர் குழுவுல ஒரே ஒரு பொண்ணை விடாதீங்க, ரெண்டு பேராவது இருக்கட்டும். வயரிங், கருவி, குறிப்பு, சரிபார்ப்புன்னு நாலு வேலை. 3 மணி நேர லேப்ல 40 நிமிஷத்துக்கு ஒருமுறை மாத்தினா 160 நிமிஷம், மிச்சம் 20 வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு.
எல்லாரும் கோட்டை விடுற இடம் வயரிங். முதல் 40 நிமிஷத்துலயே சர்க்யூட் முடிஞ்சிடும், அடுத்து வர்றவங்களுக்கு வயரே மிச்சம் இருக்காது. ஆம்ப்ளிஃபையர்னா பவர், உள்ளீடு, பெருக்கம், வெளியீடுன்னு நாலாப் பிரிச்சு ஆளுக்கு ஒண்ணு மாட்டணும். ஒவ்வொரு சுற்றுலயும் புரோபைக் கழற்றி, அடுத்தவர் முதல்லேருந்து மாட்டணும். ரீடிங் பக்கத்துல எடுத்தவரோட முதலெழுத்து இருக்கணும். இல்லேன்னா இன்ஸ்ட்ரக்டர் அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்ததும் பழையபடி பேனா அவ கைக்கு வந்துடும்.
அதோட விலை வைவாவுல தெரியும். புரோப் 10 எக்ஸ்ல (பத்துல ஒண்ணாக் குறைச்சு அனுப்பும்), ஸ்கோப் 1 எக்ஸ்ல (வந்ததை அப்படியே காட்டும்) இருந்தா மின்னழுத்தம் பத்துல ஒரு பங்காக் காட்டும். கையால மாட்டினவங்க உடனே சுவிட்சைப் பார்ப்பாங்க. எழுதிக்கிட்டே இருந்தவ கணக்குல தப்புத் தேடிக்கிட்டு நிப்பா.

எண்ணுபவர்:
சர்க்யூட் லேபுக்குச் சரி. புரோகிராமிங் வகுப்புல சுழற்சி மட்டும் போதாது. ஏற்கெனவே புரோகிராம் எழுதத் தெரிஞ்ச நாலு பேர் வகுப்பையே எடுத்துக்குவாங்க. அமெரிக்காவுல ஹார்வி மட் கல்லூரி 2006-ல அறிமுகப் பாடத்தை மாத்தினப்போ, முன்பழக்கம் இருக்கிறவங்க, இல்லாதவங்கன்னு பிரிவைப் பிரிச்சுது, ஜாவாங்கிற புரோகிராமிங் மொழியை விட்டுப் பைத்தான் மொழிக்குப் போச்சு. சில வருஷத்துல கணினி அறிவியல்ல பெண்கள் சுமார் 10 சதவீதத்திலிருந்து 40 வரைக்கும் வந்தாங்க.

அலைவரி:
முதலெழுத்து யோசனையை எடுத்துக்கிறேன். அடுத்த ஃபார்ம்ல லேப் திருப்தின்னு ஒரு வரி கிடையாது. ‘இந்த செமஸ்டர்ல எத்தனை தடவை புரோபை நீயே மாட்டினே?’ன்னு கேட்டு, பதிலை ரீடிங் தாளோட ஒப்பிடணும்.