ஈடிபஸ் கண்ணைக் குத்திக்கொண்டதும் விதிதானா?

வணக்கம் நண்பர்களே. பண்டைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'ஈடிபஸ் மன்னன்' நாடகத்தில் ஒரு சந்தேகம், உதவுங்கள். ஈடிபஸ் தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்று டெல்ஃபியில் உள்ள அப்பல்லோ தெய்வத்தின் கோயிலில் முன்பே வாக்கு வந்துவிட்டது. சரி, அது விதி. ஆனால் இறந்து கிடக்கும், தாயும் மனைவியுமான யொகாஸ்டாவின் ஆடையிலிருந்து பொன் ஊசிகளை உருவி, தன் கண்களில் திரும்பத் திரும்பக் குத்திக்கொள்கிறானே, அது? துன்பத்தைத் தந்தது அப்பல்லோ, குத்தியது என் கை என்று கோரஸிடம் (நாடகத்தில் வரும் பாடற்குழுவிடம்) அவனே சொல்கிறான். என்னைப் பொறுத்தவரை நாடகத்தின் உயிரே அந்த இடம்தான். அப்புறம் பார்த்தால், அவன் பார்வை இழப்பான் என்று பார்வையற்ற தீர்க்கதரிசி டைரீசியஸ் முன்பே சொல்லியிருக்கிறார்! இரண்டையும் எப்படிச் சேர்த்துப் புரிந்துகொள்வது? கி.மு. 401இல் மேடையேறிய, சோஃபக்ளீஸின் மற்றொரு நாடகமான 'கொலோனஸில் ஈடிபஸ்' இதற்கு வெளிச்சம் தருமா? கிரேக்க மூலத்தில் படித்தவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள்.